தம்பிதுரை பெயரில் ஒரு தாயம்

சனிக்கிழமை காலை, சாயங்காலம் உடுத்த வேண்டிய புடவையை எடுப்பதற்காக நீலவேணி பீரோவைத் திறந்தாள். புடவை இருந்தது. அதற்கு அடியில் வைத்திருந்த ஃப்ளாப்பி இல்லை.

எல்லாப் புடவைகளையும் கட்டிலில் இறக்கி, ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். இல்லை.

போன வாரம் பெருந்துறையிலிருந்து வந்து பெண் பார்த்தவர்கள், இன்றைக்குப் பூ வைக்க வருகிறார்கள். துடியலூர் வீட்டில் விடிந்ததிலிருந்தே ரவை வறுபடும் வாசனை. மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறையை ஒருநாளும் பாதியில் விட்டு வராத கோபாலசாமிகூட, மத்தியானமே வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

"அம்மா, பீரோவ யாரு திறந்தா?"

அடுப்படியில் நின்ற பங்காரம்மா திரும்பவில்லை. "சாவி எங்கிட்டத்தான இருக்குது. வேற யாரு திறக்கப் போறா?"

"அதுல ஒரு கறுப்பு ஃப்ளாப்பி இருந்துச்சு. காணோம்."

"அதையெல்லாமா நான் பாத்துட்டிருக்கறேன்? போய்த் தலைக்கு ஊத்து கண்ணு. முடி காயறதுக்கே மத்தியானம் ஆயிரும்."

நீலவேணி கூடத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்த துணி உறை மடித்து நாற்காலியில் கிடந்தது. மானிட்டரின் முதுகில் கை வைத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

அண்ணன் தம்பிதுரையின் அறையில் ஆள் இல்லை. தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையும் இல்லை, ஷூவும் இல்லை.

"அண்ணன் எங்கம்மா?"

"ஆர்.எஸ்.புரத்துல ஏதோ இண்டர்வியூன்னான். சாமி கும்பிட்டுட்டுப் போனான்," என்ற பங்காரம்மா, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள். "இன்னிக்கு அவனுக்கு நல்ல நாளாம்."

நீலவேணிக்குப் புரிந்துவிட்டது. தாயம் போய்விட்டது.

அந்தத் தாயம் ஆட்டத்தை அவள் கம்ப்யூட்டருக்காக எழுதியது போன மழைக்காலத்தில். எம்.சி.ஏ. முடித்து வேலை தேடும் மகனுக்கென்றுதான் கோபாலசாமி கம்ப்யூட்டர் வாங்கினார். மகன் வெளியே சுற்றும் மத்தியான நேரங்களில் மகள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஆர்.எஸ்.புரம் சென்டரில் ஜாவா படிக்க இரண்டு பேரையும் சேர்த்தார்கள். தம்பிதுரை பாதியில் நின்றான். நீலவேணி நிற்கவில்லை.

முதலில் ஒரு விண்டோ மட்டும் வந்தது. பிறகு அதில் ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்காமல் இருந்து, ஒருநாள் நடந்தது. அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கட்டம் வரைந்தாள், காய்களுக்குச் சிவப்பும் பச்சையும் கொடுத்தாள். காய் நகரும்போதெல்லாம் திரை முழுவதும் வெட்டி வெட்டி மின்னியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தில் எல்லாவற்றையும் முதலில் வரைந்து, பிறகு ஒரே வீச்சில் திரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. மின்னுவது நின்ற அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டுத்தான் காட்டினாள்.

பங்காரம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். விதிகளை அவள்தான் சொன்னாள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம். பல மத்தியானங்கள் அம்மாவும் மகளும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆடி, பால் பொங்கி வழிந்திருக்கிறது.

பெங்களூர் கம்பெனி ஒன்று சென்டருக்கு ஆள் எடுக்க வருவதாகச் சொன்னபோது நீலவேணியின் பெயர் பட்டியலில் இருந்தது. போன வாரம் கோபாலசாமி நேரில் போய் அதை எடுக்கச் சொன்னார். "கல்யாணம் கூடி வர்ற பொண்ணுங்க. ஆளுங்க பாத்தா என்ன நெனைப்பாங்க," என்றார். தம்பிதுரையின் பெயர் மட்டும் மிஞ்சியது. வைரஸ் வந்து கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்த பிறகு, தாயம் இருந்தது அந்த ஒரே ஃப்ளாப்பியில்.

"டெய்லர்கிட்ட ஜாக்கெட் வாங்கோணும். போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு நீலவேணி மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறினாள்.

ஏறும்போது அவளுக்கு ஒரே எண்ணம்தான். ஃப்ளாப்பியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அதற்கு மேல் எதுவும் யோசித்திருக்கவில்லை.

*

சென்டரில் கரண்ட் இருந்தது, ஏ.சி.தான் வேலை செய்யவில்லை. அதனால் லேப் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வராந்தாவில் டை கட்டிய பையன்கள் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க அண்ணன் உள்ளதான் இருக்காரு," என்றாள் முன் மேஜைப் பெண். "சித்த உக்காருங்க."

நீலவேணி உட்காரவில்லை. கதவோரம் நின்றாள்.

உள்ளே அவளுடைய கட்டம் தெரிந்தது. அவள் தேர்ந்தெடுத்த அந்த மங்கல் மஞ்சள் நிறம், மூலைகளில் அவள் போட்ட பெருக்கல் குறிகள். விண்டோவின் மேல் பட்டையில் மட்டும், 'தாயம்' என்று ஆங்கில எழுத்தில் இருந்த இடத்தில் 'தாயம் - ஆக்கம் டி.ஜி.தம்பிதுரை' என்று இருந்தது.

கம்பெனியிலிருந்து வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஷாநவாஸ் என்று மேஜை மேல் அட்டையில் எழுதியிருந்தது. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, ஆள் எடுக்க வந்தவர் மாதிரி இல்லாமல் ஆட்டத்தில் இறங்கியிருந்தார்.

"நானும் இந்த ஊருதாங்க தம்பி. கோட்டைமேடு. நோம்பு நாள்ல எங்க அக்காமாரோட தாயந்தான். நல்லா பண்ணியிருக்கீங்க. காய் நகர்றப்ப ஒரு மினுக்குக்கூட இல்ல."

"தேங்க்ஸ் சார்."

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். எங்க ஊட்டுல ஒரு காயாவது வெட்டினாத்தான் உள்ள விடுவாங்க. நான் வெட்டவே இல்ல. உங்க புரோகிராம் என்னை உள்ள விட்டுருச்சே, எதனால?"

தம்பிதுரை திரையைப் பார்த்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். அவனுக்கு அந்த விதி இருப்பதே தெரியாது. தெரிந்த ஒரே வழியில் போனான்.

"அது தப்புங்க சார். நான் எழுதினத என் தங்கச்சிதான் டைப் அடிச்சுக் குடுத்தா. எங்கியோ விட்டுட்டா போலிருக்குது."

நீலவேணி உள்ளே போய்விட்டாள். போக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கால் போயிற்று.

"தப்பு இல்லீங்க சார்," என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். தம்பிதுரையின் முகத்தில் முதலில் தெரிந்தது பயம் இல்லை, நிம்மதி. தங்கை பதில் சொல்லிக் காப்பாற்றிவிடுவாள் என்ற நிம்மதி. பிற்பாடு நீலவேணியை அதிகம் உறுத்தியது அதுதான்.

"மேல மெனுவுல பாருங்க. விதிகள்னு இருக்குது. அதுக்குள்ள வெட்டு கட்டாயம்னு ஒண்ணு இருக்கும். டிக் பண்ணினா உள்ள விடாது. சில ஊடுகள்ல வெட்டாமயே போவாங்க, அதனால ரெண்டுக்கும் வழி வெச்சிருக்குது."

ஷாநவாஸ் டிக் செய்தார். காயை நகர்த்தினார். காய் உள்கட்டத்துக்குப் போகாமல் வெளிச்சுற்றில் தொடர்ந்தது. அவர் விண்டோவின் ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக இழுத்தார். கட்டமும் காய்களும் அதே அளவில் சேர்ந்து பெருத்தன.

"இது எப்படிங்க?" கேள்வி இரண்டு பேருக்கும் பொதுவாக வந்தது. தம்பிதுரை தரையைப் பார்த்தான்.

"எங்கியும் அளவ நேராக் குடுக்கலீங்க. ஒவ்வொரு தடவ வரையறப்பவும் விண்டோ எவ்வளவு பெருசுன்னு கேட்டு, அத அஞ்சா வகுத்து வரையும்."

"வரையும்." அவர் அந்த வார்த்தையை மெல்லச் சொல்லிப் பார்த்தார். டைப் மட்டும் அடித்தவளுக்கு வரும் பேச்சு இல்லை அது. பிறகு பேனாவால் மேல் பட்டையைக் காட்டினார். "பேரு தம்பிதுரைன்னு இருக்குதுங்களே?"

ஒரு வார்த்தை போதும். அண்ணன்தான் எழுதினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று சொன்னால் முடிந்தது. நீலவேணி அண்ணனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தூக்கவில்லை. டைப் அடித்தாள், தப்பாக அடித்தாள் என்றது இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

"பேரு மட்டும் அவரு எழுதினாருங்க," என்றாள்.

ஷாநவாஸ் பேனாவை மூடி வைத்தார். கடிந்துகொள்ளவில்லை. "நீங்க கெளம்பலாங்க," என்று தம்பிதுரையிடம் மட்டும் சொன்னார். அவன் ஃப்ளாப்பியை உருவி, நாற்காலியில் மாட்டியிருந்த பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தங்கையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.

நீலவேணி நின்றாள். இப்போது தன்னை உட்காரச் சொல்வார் என்று நினைத்தாள்.

"உங்க பேரு பட்டியல்ல இருக்குதுங்களா?"

"இருந்துச்சுங்க. எங்க நைனா வந்து எடுக்கச் சொல்லிட்டாங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "சென்டர் குடுத்த பட்டியல்ல இல்லாதவங்கள நான் பாத்ததாவே எழுத முடியாதுங்க. பாத்தேன்னு எழுதினா, இந்தப் புரோகிராம் யாரு பேருல வந்துச்சுன்னும் எழுதோணும். அது உங்களுக்கும் நல்லதில்ல."

"அப்ப நான் எதுக்குங்க சொன்னேன்?" என்று கேட்டுவிட்டாள். அவரிடம் கேட்ட கேள்வி இல்லை அது.

"பெங்களூருக்குப் பேசிப் பாக்கறேன். பட்டியல இன்னிக்கு ராத்திரியே மூடிருவாங்க. அதுக்குள்ள, சாயங்காலமா உங்க ஊட்டுக்குக் கூப்பிடறேன். நம்பர் இங்க ஆபீஸ்ல இருக்குமில்ல? நீங்களே எடுங்க. வேற யாருகிட்டயும் நான் இதப் பேச மாட்டேன்." அடுத்த பையனை வரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

ஃப்ளாப்பியைக் கேட்க வேண்டும் என்பது படி இறங்கும்போதுதான் நீலவேணிக்கு நினைவுக்கு வந்தது. அது அதற்குள் தம்பிதுரையின் பையோடு போயிருந்தது.

*

கீழே தம்பிதுரை ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு நின்றிருந்தான்.

"ஏறு," என்றான்.

ஏறினாள். கவுண்டம்பாளையம் தாண்டியதும் அவன் திரும்பாமலே பேசினான். காற்றில் பாதி போயிற்று, பாதி அவளுக்கு விழுந்தது.

"ரெண்டு வருஷமாச்சு. நைனா பட்டறைக்குப் போனா லேத்துல நிக்கறவன்கூட, இன்னும் எங்கீங்க தம்பி வேலைக்குப் போகலையான்னு கேக்கறான். நான் பேப்பரப் படிச்சுட்டு ஊட்டுல உக்காந்திருக்கறேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பண்ணின?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல."

"கேட்டா குடுத்திருப்பயா?"

"கத்துக் குடுத்திருப்பேன்," என்றாள்.

தம்பிதுரை சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் முதுகில் தெரிந்தது. "உங்கிட்ட நான் கத்துக்கறது. ம்."

"நீ பீரோவ உடைச்சா எடுத்த?"

"நான் எதுக்கு உடைக்கறேன்? அம்மாதான் எடுத்துக் குடுத்தா. நான் கேக்கக்கூட இல்ல. காலைல காப்பியோட கொண்டுவந்து வெச்சா, இத எடுத்துட்டுப் போ சாமின்னு."

அதற்குப் பிறகு துடியலூர் வரும்வரை நீலவேணி சாலையில் போகும் எதையும் பார்க்கவில்லை.

*

பங்காரம்மா கேசரிக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்ற விதத்திலேயே விஷயம் வெளியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டாள். அடுப்பைக் குறைத்தாள்.

"எடுத்துக் குடுத்தது நாந்தான்," என்றாள், மகள் கேட்பதற்கு முன்பே. "அதுக்கு என்ன இப்ப?"

"அது என்னோடதும்மா."

"உனக்கு ஒரு எடம் அமைஞ்சு போச்சு. நாளைக்கு நீ பெருந்துறை போயிருவ. உனக்கு வேல கெடச்சா நாங்க பெருமப்படுவோம், அவ்வளவுதான். அவனுக்கு வேல இல்லீன்னா நாங்க தல நிமிர முடியாது. ரெண்டும் ஒண்ணா அம்மணி?"

"நீயே உக்காந்து ஆடினயேம்மா. ஒவ்வொரு கட்டமும் நான் போட்டதப் பாத்தயே. நீயே எடுத்துக் குடுக்கலாமா?"

பங்காரம்மா முந்திரியைத் தட்டில் கொட்டினாள். பிறகு நேராகப் பார்த்தாள். "வெட்டினாத்தான் உள்ள போகோணும்னு சொன்னது யாரு? எந்தக் காய் எந்தப் பக்கம் சுத்தோணும்னு விரல வெச்சுக் காட்டினது யாரு? எம் பேர நீ அதுல போட்டயா?"

அம்மாவின் பெயரைப் போடலாம் என்று ஒருநாளும் நீலவேணிக்குத் தோன்றியதில்லை.

"பேரு பேருன்னு நானும் நின்னிருந்தா இந்த ஊடு எப்பவோ ஒடஞ்சிருக்கும்," என்றாள் பங்காரம்மா. "போ. முடியக் காய வை."

மத்தியானம் கோபாலசாமி வந்தார். தம்பிதுரை நடந்ததைச் சொன்னான். தன் பங்கைக் குறைத்துத்தான் சொன்னான், ஆனாலும் அவருக்குப் புரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. கை கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நைனா," என்றாள் நீலவேணி. "சாயங்காலம் அவரு கூப்பிடறேன்னு சொல்லியிருக்காரு. அது எனக்கு வர்ற போனுங்க."

"சாயங்காலம் வர்றவங்க வந்துட்டுப் போகட்டும்," என்றார். அவ்வளவுதான்.

*

பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா திருமலைசாமியும் அவர் மனைவி ராமாமணியும் உறவுப் பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, மில்லில் ஷிஃப்ட் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். தம்பிதுரை வாசலில் நின்று வரவேற்றுவிட்டு, தலைவலி என்று தன் அறைக்குப் போய்விட்டான்.

கூடத்தில் கம்ப்யூட்டரின் மேல் துணி உறை திரும்பவும் ஏறியிருந்தது. அதற்குப் பக்கத்து ஸ்டூலில் போன்.

"பொண்ணு கம்ப்யூட்டரெல்லாம் படிச்சிருக்குதாமாங்க?" என்று கேட்டாள் ராமாமணி.

"சும்மா பொழுது போகறதுக்குங்க," என்றாள் பங்காரம்மா. "கல்யாணம் ஆயிட்டா அதெல்லாம் எதுக்குங்க."

ராமாமணி சிரித்தாள். கெட்ட மனுஷி இல்லை. "எங்க ஊட்டுல டி.வி. பாக்கவே நேரம் கெடைக்காதுங்க," என்று சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்தாள். "வா கண்ணு, இப்பிடி வந்து உக்காரு. காப்பிய அப்புறம் குடுக்கலாம்."

போன் அடித்தது.

நீலவேணியின் கையில் காப்பித் தட்டு இருந்தது. அதை வைத்துவிட்டுப் போவதற்குள் பங்காரம்மா போய்விட்டாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஒரு ஆண் குரல். நின்ற இடத்திலேயே நீலவேணிக்குத் தன் பெயர் கேட்டது.

பங்காரம்மா மகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பேருல யாரும் இந்த ஊட்டுல இல்லீங்க."

ரிசீவரை வைத்துவிட்டு, வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "ராங் நம்பருங்க. அடிக்கடி இப்பிடித்தான் வருது."

நீலவேணி தட்டை மேஜையில் வைத்தாள். அப்போதும் சும்மா இருந்திருக்கலாம். பூ வைத்து முடிந்திருக்கும், அவர்கள் போனபின் அழுதிருக்கலாம், ராத்திரிக்குள் வேறு ஏதாவது வழி தேடியிருக்கலாம். எல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"ராங் நம்பர் இல்லீங்க," என்றாள். "அந்தப் பேரு என்னோடதுதான். பெங்களூர்ல வேலைக்குக் கேட்டிருந்தேன். அதுக்கு வந்த போனுங்க."

"அம்மணி, நீ உள்ள போ," என்றார் கோபாலசாமி, தாழ்ந்த குரலில்.

அவள் போகவில்லை. ராமாமணி, கையில் பிடித்திருந்த சரத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். பிறகு, எதையும் நசுக்கிவிடக் கூடாது என்பது போல மெதுவாக, சரத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"பொண்ணு வேலைக்குப் போற யோசனைல இருக்கறது எங்ககிட்ட யாரும் சொல்லலீங்களே," என்றார் திருமலைசாமி.

"அது ஒண்ணுமில்லீங்க சம்பந்தி, சின்னப் புள்ள, வெளையாட்டுக்கு..." என்று இழுத்தார் கோபாலசாமி.

"அதுக்கு இன்னும் நாளிருக்குதுங்க, சம்பந்தின்னு கூப்பிட," என்றார் திருமலைசாமி. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்ணுக்கு விருப்பமில்லாம நாங்க ஒரு காரியம் பண்ணக் கூடாதுங்க. ஊட்டுல பேசிட்டுச் சொல்லுங்க. நாங்களும் யோசன பண்ணறமுங்க. வாரமுங்க."

காப்பி ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. ஒரு டம்ளரையும் யாரும் தொடவில்லை.

கார் கிளம்பிப் போகும் சத்தம் ஓயும் வரை கோபாலசாமி வாசலில் நின்றார். உள்ளே வந்து, ராமாமணி உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"ஒரே நாளுல," என்றார் மகளிடம். "எம் பையனையும் முடிச்சுப்போட்ட. எம் பொண்ணையும் முடிச்சுப்போட்ட."

நீலவேணி போன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திரும்ப அடிக்கும் என்று காத்திருந்தாள். வீதியில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டில் செய்தி வாசித்து முடித்தார்கள். போன் அடிக்கவில்லை. அந்தப் பேரில் யாரும் இல்லை என்று சொன்ன வீட்டுக்கு எதற்குத் திரும்பக் கூப்பிடப் போகிறார்? சென்டரும் இந்நேரம் பூட்டியிருக்கும். நாளைக்கு ஞாயிறு. பட்டியலை இன்றே மூடிவிடுவார்கள்.

பங்காரம்மா டம்ளர்களை எடுக்க வந்தாள். குனிந்து அடுக்கினாள். நிமிரும்போது, மகளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு நம்பரு உங்கண்ணன்கிட்ட இருக்குது. நேத்து அவருகிட்டப் பேசித்தான் நேரம் கேட்டான்."

அது உதவியா, அண்ணனிடமே போய்க் கேட்க வைக்கும் தண்டனையா என்று நீலவேணிக்குத் தெரியவில்லை. அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தம்பிதுரையின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தான். இன்னும் அதே வெள்ளைச் சட்டையில் இருந்தான், கசங்கிப் போயிருந்தது. நடந்தது எல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"அண்ணா, அந்த ஷாநவாஸ் சாரோட நம்பர் வேணும்."

"எனக்கு மனப்பாடமா இருக்குது," என்றான். "தர்றேன். ஆனா நீ கூப்பிட்டு ஒண்ணு சொல்லோணும்."

"என்ன?"

"தாயம் எழுதினது நாந்தான், நீ ஏதோ கோவத்துல பொய் சொல்லிட்டேன்னு."

நீலவேணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் விளையாடவில்லை. கண் சிவந்திருந்தது.

"அப்பிடிச் சொன்னா எனக்கு எப்படி வேல குடுப்பாங்க?"

"குடுக்க மாட்டாங்க."

"அப்பறம் எதுக்கு நான் கூப்பிடோணும்?"

"எனக்காக," என்றான் தம்பிதுரை. "உனக்கு இன்னிக்கு மொத தடவ இல்லீன்னு சொல்லியிருக்காங்க. நான் ரெண்டு வருஷமாக் கேட்டுட்டிருக்கறேன்."

கூடத்தில் கோபாலசாமி இருமினார். அடுப்படியில் டம்ளர் கழுவும் சத்தம் நின்றது. எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நீலவேணி திரும்பிப் போய் ரிசீவரை எடுத்தாள். தம்பிதுரை பின்னாலேயே வந்து, ஒரு கை தூரத்தில் நின்றான்.

"நம்பரச் சொல்லுண்ணா," என்றாள்.

அவள் எதற்குச் சம்மதித்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்து அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஆனாலும், ஒவ்வொரு எண்ணாகச் சொல்லத் தொடங்கினான்.